மாமாவுக்கு அருள் வந்த சாயங்காலம்

எங்கள் மாமா காளி வேஷம் போடப் போகிறார் என்பதைத் தூத்துக்குடியிலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது மூன்றாம் வகுப்புப் படித்தேன். அந்தப் பெருமையை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எங்கள் பக்கத்துக் குலசை ஊர் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் போடுகிறவர்கள் முன்கூட்டியே மாலை போட்டு விரதம் இருப்பார்கள். தாடி வளர்ப்பார்கள். ஒரு வேளைதான் சாப்பாடு, வெறுந்தரையில்தான் படுக்கை, வீண்பேச்சே கிடையாது. காளி வேஷம் என்றால் விரதம் இன்னும் கடுமை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு ஹார்பரில் ஒரு சரக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஆவணியில் திடீரென்று லீவு போட்டார். தாடி முளைத்தது. கட்டில் இருக்கத் தரையில் படுத்தார். சீலா மீன் குழம்பு என்றால் சட்டியை வழித்துவிடுகிற மனிதர், தட்டைத் தொட்டுவிட்டு நகர்த்தி வைத்தார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நான் தெரு முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். “கழுத்துல மாலையக் காணுமே?” என்று கேட்டவர்களிடம், சட்டைக்குள்ளே கிடக்கிறது என்று நானே அடித்துவிட்டேன்.

அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தம்பிக்குப் புதுத் தட்டு வாங்கினாள். வீட்டில் மீன் நின்றது. அப்பா கருவாட்டுக்காவது அனுமதி கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள். விரதக்காரர் கையால் திருநீறு பூச வேண்டுமாம். மாமா தலையை ஆட்டி மறுத்தார்.

“நான் விரதம்லாம் இல்லக்கா. எனக்கு முடியல. அதான் கெடக்கேன்.”

“பாத்தியளா, வெளிய காட்டிக்கிட மாட்டேங்காவ!” என்று அக்கா உருகிப்போனாள். மாமா திருநீறு பூசினார். பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல் விட்டது. வினையே அதுதான். அன்றிலிருந்து மாடிப்படியில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. விரதக்காரர்கள் இரண்டு வேளை குளிப்பார்களே, இவர் வாரக்கணக்கில் குளிக்கவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று இதை யாராவது எடுத்தால் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். “உங்க ஊர்ல நோயாளியா இருக்கவே முடியாதுளா, சாமியாரா ஆக்கிருதீங்க” என்பார்.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அட்டையில் காளியின் நாக்கை வெட்டி, அம்மாவின் குங்குமத்தைக் குழைத்துப் பூசினேன். சாயங்காலம் மாடிக்கு ஓடி, “மாமா, இதக் கட்டிப் பாருங்க!” என்று நீட்டினேன். மாமா அதைக் கையில் வாங்கினார். என்னைப் பார்த்தார். அப்புறம் அழ ஆரம்பித்தார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி எழுந்தது.

அம்மாடி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“மாமாவுக்கு அருள் வந்துட்டு! எல்லாரும் வாங்க!” என்று படியில் நின்று அலறினேன்.

அடுத்த தெருவில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த தசரா செட்டு என்கிற வேஷக்காரர் குழு மேளத்தோடு வந்து சேர்ந்தது. குலவை கிளம்பியது. செட்டுத் தலைவர் அண்ணாச்சி கற்பூரத்தைக் கொளுத்தி, “தாயே, என்ன கொற வச்சோம், சொல்லு!” என்று மாமா காலடியில் விழுந்தார். மேளம் ஏற ஏற மாமாவின் அழுகையும் ஏறியது. நான் கைதட்டிக் குதித்தேன்.

அம்மா தோசை மாவு அப்பிய கையோடு கூட்டத்தைப் பிளந்து வந்தாள். மாமாவின் முகத்தை நிமிர்த்தி ஒரு தடவைதான் பார்த்தாள்.

“மேளத்த நிப்பாட்டுங்க.”

“ஏளா, அம்மன் வந்துருக்கா...”

“அம்மன் இல்ல அண்ணாச்சி. எந்தம்பி அழுவுதான். சின்னப் பிள்ளையில இருந்து தூக்கி வளத்தவ நான், எனக்குத் தெரியாதா? எல்லாரும் எறங்குங்க!”

வீட்டுக்கு வந்த சாமியை அம்மா விரட்டிவிட்டாளே என்று அன்று நான் சாப்பிடாமலே படுத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா ஆட்டோ பிடித்து மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் தொற்றிக்கொண்டேன். மனசுக்குப் பார்க்கிற டாக்டர், அம்மா வயதுப் பெண். மாமா குனிந்த தலை நிமிரவில்லை. சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. விடுவேனா நான்?

“ஒரு வேளைதான் டாக்டர், அதுவும் நாலு வாய்! தூக்கமே கெடையாது, நான் எப்ப எந்திரிச்சு மாடிக்குப் போனாலும் முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பாவ! கிரிக்கெட் கூடப் பாக்க மாட்டாவ. கூட்டாளிக வந்தாலும் பேச மாட்டாவ!”

ஒவ்வொன்றையும் டாக்டர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். இவரும் முத்தாரம்மன் பக்தை போலிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

“உங்கிட்ட வேற ஏதாவது சொன்னாங்களாம்மா?”

இருப்பதிலேயே பெரிய விஷயத்தை அதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

“சத்தியம் வாங்கியிருக்காவ டாக்டர்! மாமா போயிட்டா நீ அழக்கூடாது, அம்மாவையும் அழவிடக்கூடாதுன்னு. பத்து நாள்தான, குலசையில இருந்துட்டு வந்துருவாவல்லா? நான் ஏன் அழப்போறேன்?”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அத்தனை பெரிய மாமாவை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. அவ்வளவு அழகாகப் பதில் சொன்ன என்னை யாருமே திரும்பிப் பார்க்கவில்லையே என்று எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.