எரியாத கை

எங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் பிலோமினாவின் வீட்டைப் போலச் சுத்தமான வீடு கிடையாது. மெச்சிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவளுடைய சுத்தத்தால் மற்ற பெண்கள் எல்லாரும் ஏச்சு வாங்கினோம். “அந்தம்மா வீட்டுத் தரையிலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம்” என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். “அப்ப அங்கேயே போய்ச் சாப்பிடுங்க” என்று சொல்லி அன்றைக்கு அடுப்பு மூட்டாமல் இருந்துவிட்டேன்.

அவள் புருஷன் கொர்னேலியஸ் ரயிலில் கார்டு. வாரத்தில் பாதி நாள் ஈப்போ, பிறை என்று வெளியூருக்கு வண்டியோடு போய்விடுவார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, மற்றவர்கள் மேசையும் கட்டிலும் தூக்கி வந்தார்கள். இந்த மனிதர் இரண்டு முயல்களைத் தூக்கி வந்தார். மகள் ரோசலினுக்கு அப்போது ஏழு வயது. அன்று முதல் அவள் முயல்களை விட்டுப் பிரிந்ததைப் பார்த்தவர் இல்லை. தவழ்கிற தம்பி பின்னாலேயே போய் அதுகளின் காதைப் பிடித்து இழுப்பான்.

முயலைச் சாதுவான பிராணி என்று சொல்கிறவர்கள் அதை வீட்டுக்குள் வளர்த்துப் பார்த்ததில்லை. முதலில் நாற்காலிக் கால் போயிற்று. அடுத்தது பிலோமினா சீதனமாகக் கொண்டுவந்த தேக்கு அலமாரியின் விளிம்பு. பிறகு வாசல் நிலையில் வாய் வைத்தன. நிலை கவர்மெண்டுச் சொத்து. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற துரை பார்த்தால் கொர்னேலியஸின் மானம் கப்பலேறும். “கறி வச்சுடு” என்று நான் சொன்ன யோசனையைக் கேட்டு ரோசலின் வெகுநாள் என்னோடு பேசவில்லை.

பிலோமினா மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிப் பார்த்தாள். வீடு நாறியதுதான் மிச்சம். முயல்கள் துணிக்கு மேலே கடித்தன. வேப்பெண்ணெய் தடவினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே கடித்தன. கொர்னேலியஸ் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அலமாரிக் காலுக்குத் தகடு அடித்தார். அது பலித்தது. ஆனால் வாசல் நிலைக்கும் ஜன்னலுக்கும் தகடு அடித்தால் வீடா அது, கோழிக்கூடா?

கடைசியில் மிளகாய் யோசனை சொன்னது பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி. பாசாரில் ஊசிமிளகாய் வாங்கி, அம்மியில் அரைத்து, விளக்கெண்ணெயில் குழைத்து, இருவருமாகக் கையாலேயே நிலை முழுக்கப் பூசினார்கள். பூசி முடிப்பதற்குள் தனலெட்சுமி ஐயோ அப்பா என்று மோருக்கு ஓடினாள். இரண்டு கையையும் சட்டிக்குள் விட்டுக்கொண்டு கண்ணீரோடு கேட்டாள்.

“உனக்கு எரியலயா பிலோமினா?”

“வலது கை பத்திக்கிட்டு எரியுதுக்கா. இடது கைக்கு ஒண்ணுமில்ல. பீச்சாங்கைக்கு ரோசம் கெடையாது போல.”

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நானும் தனலெட்சுமியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிலோமினாவும்தான் சிரித்தாள்.

தனலெட்சுமியின் புருஷன் சபாபதி ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். சாயங்காலம் சோறு போடும்போது அவள் இந்த வேடிக்கையை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டாராம்.

“எந்தக் கை?”

“இடது கைன்னுதான் சொன்னா.”

“அதுல நெறம் மாறி ஏதாச்சும் இருக்கா?”

“முழங்கைக்குக் கீழ தேமல் இருக்கு. பூவரசங்காய ஒரசிப் பூசுறா, போகமாட்டேங்குதாம்.”

அவர் சாப்பாட்டை முடிக்காமல் கை கழுவிவிட்டார். அதன் பிறகு அவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பிலோமினாவின் வாசலைப் பார்ப்பதை நான் கவனித்தேன். என் புத்திக்கு, மனுஷன் வேறு விதமாகப் பார்க்கிறான் என்றுதான் பட்டது. அப்படி இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மிளகாய் பூசிய இடத்தை முயல்கள் விட்டுவிட்டன. பதிலுக்குக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டன. ஒருநாள் பிலோமினா கட்டிலுக்கடியில் இடது கையை விட்டு ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். “அம்மா, ரத்தம்” என்று ரோசலின் கத்தினாள். எங்கே என்று பிலோமினா நாலு பக்கமும் பார்த்தாள். அவளுடைய சுண்டுவிரலைத்தான் முயல் கடித்திருந்தது. நகத்தடியில் சதை தொங்கியது. அவளுக்குத் தெரியவே இல்லை.

அன்றிலிருந்து அவள் கோலாலம்பூர் வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டாள். ரோசலினைத் தலை பின்னிக்கொள்ளத் தனலெட்சுமியிடம் அனுப்பினாள். தன் தட்டைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்தாள். எங்கள் வரிசையில் யாரும் முட்டாள் இல்லை. முந்தின வருஷம் கூலி லயத்திலிருந்து ஒருவனை லோரியில் ஏற்றிச் சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோனதை எல்லாரும் பார்த்திருந்தோம். தோல் மரத்துப்போன பெருவியாதிக்காரர்களுக்கென்று அங்கே தனியாக ஓர் ஊரே கட்டியிருந்தார்கள். வியாதி என்று தெரிந்தால் போயே தீரவேண்டும், சட்டம் அப்படி. பிள்ளைகள் கூடப் போக முடியாது. போனவர்கள் வீடு திரும்பியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எல்லாம் தெரிந்தும் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் அவள் எங்களோடு இருப்பாள் என்று நம்பினோம்.

கொர்னேலியஸ் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மாதா கோயிலிலிருந்து திரும்பியதும், சபாபதி கொய்யாக் கிளைகளை அணைத்துக்கொண்டு வந்தார். என்னையும் தனலெட்சுமியையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்.

“இதுங்களுக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும்மா. எதையாச்சும் கடிச்சுத் தேச்சாத்தான் உசுரோட இருக்கும். கிளையப் போட்டுட்டா கட்டில விட்டுரும்.”

முயல்கள் கிளைமேல் பாய்ந்து பட்டையை உரித்தன. அத்தனை நாள் பாடுபட்டதற்கு வழி இவ்வளவுதான். பிலோமினா அதைப் பார்க்கவே இல்லை. சபாபதியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்பதற்கு முன்பே ரவிக்கைக் கையைத் தானாகவே சுருட்டினாள்.

அவர் ஊசியைச் சுட்டுத் துடைத்தார். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலில் குத்தினார், சுண்டுவிரலில் குத்தினார். அவள் கை அசையவில்லை. கொர்னேலியஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்காம இருக்க முடியாதாண்ணே?”

“முடியும் தங்கச்சி. பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்வே?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பழைய பிலோமினாவாக இருந்தாள்.

“அப்ப எழுதுங்க. நான் போறேன். பிள்ளைங்க நல்லபடியா இங்கயே இருக்கட்டும். அது போதும் எனக்கு.”

“பிள்ளைங்களையும் ஒரு தடவ பாத்துடுறேன்மா.”

சின்னவனை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஊசி பட்டதும் அவன் போட்ட சத்தத்தில் முயல்கள் அலமாரிக்கடியில் ஓடி ஒளிந்தன. பிலோமினா பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். “கத்துடா ராசா, நல்லா கத்து” என்றாள்.

அடுத்து ரோசலின். தம்பி அழுததைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள். ஆனாலும் தானாக வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். பிலோமினா பின்னால் நின்று, வலது உள்ளங்கையால் அவள் கண்களைப் பொத்தினாள். சபாபதி குழந்தையின் கைகளைத் தடவிப் பார்த்தார். பாவாடையை முழங்கால்வரை ஒதுக்கினார். முட்டிக்குப் பக்கத்தில் காலணா அளவுக்கு வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. பூச்சித் தேமல் என்று அதற்கு நாங்கள் எல்லாரும் மருந்து சொல்லியிருந்தோம்.

அவர் அதில் குத்தினார். அதற்குள்ளேயே கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை, ஆழமாகவே குத்தினார். கடுகளவு ரத்தம் வந்தது. தனலெட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ரோசலின் பல்லைக் கடித்துக்கொண்டு, அழாமல், தைரியமாகக் காத்திருந்தாள்.

“எப்ப மாமா குத்தப்போறீங்க?” என்று கேட்டாள்.

பிலோமினா அவள் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.