திருப்பாமல் வைத்த காட்

மகள் சீட்டுக்கட்டைப் பிரித்து, காட்ஸை மூன்று வரிசையாக அடுக்கினாள். "அம்மா, நீங்க நினைச்ச காட் எந்த வரிசையில?" யூடியூப்பில் பழகியதாம். என் கண் வாசலிலேயே இருந்தது. வத்தளைக்கு வேலைக்குப் போன என் கணவர் இந்த மழையில் இன்னும் வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை.

என் சின்ன வயதில், கொட்டாஞ்சேனை வீட்டில் என் அப்பா காட்டிய அதே வித்தை. "மாதா படத்துக்கு முன்னால காட்ஸோ?" என்று அம்மா ஏசுவார். ஊரடங்கு போட்ட அன்று, துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அப்பா இரவாகியும் திரும்பவில்லை. நான் அழ, அம்மாவே காட்ஸை எடுத்துப் பிழையில்லாமல் அடுக்கினார். கடைசிக் காட்டை மட்டும் மாதா படத்தடியில் கவிழ்த்து வைத்தார். "அப்பா வந்து திருப்பட்டும்." விடிந்ததும் அப்பா வந்து திருப்பினார். நான் நினைத்த, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராணியேதான்.

மகள் கடைசிக் காட்டைத் திருப்பப் போனாள். அவள் கையைப் பிடித்தேன்.

"பொறு பிள்ளை. மாதாவிட்ட வை. அப்பா வந்து திருப்பட்டும்."