கொட்டாவிக் கண்ணீர்

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லி ஊசி போடுகிற வழக்கம் ரத்தக்காவுக்குக் கிடையாது. புஜத்தில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவாள். முழங்கை மடிப்பை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்ப்பாள். "வலிக்கும். ஆனா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் இவ்வளவு பச்சையான உண்மையை எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் திகைத்து விழிக்கிற நேரத்துக்குள் ஊசி உள்ளே போய், ட்யூப் நிறைந்து, பஞ்சும் வந்து உட்கார்ந்துவிடும். "மடக்கிப் பிடிங்க. தேய்க்காதீங்க. அடுத்தவங்க வாங்க."

லேபுக்குக் காலையில் வருகிறவர்கள் எல்லாம் வெறும் வயிற்றுக்காரர்கள். வீட்டில் டீ குடிக்காத எரிச்சலை முதலில் கண்ணில் படுகிற ஆள் மேல் கொட்டுவார்கள். முதலில் கண்ணில் படுவது ரத்தக்காதான். அவள் திருப்பிக் கோபித்துக்கொள்வதில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும், அது அவளிடம் காலை எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். ரத்தக்கா என்ற பெயர் உள்ளே மெஷின் பார்க்கிற டெக்னீசியன் வைத்தது. வைத்தது கேலிக்கு என்றாலும் நிலைத்துவிட்டது. இப்போது மேனேஜர்கூட மரியாதையாகவே அப்படிக் கூப்பிடுகிறார்.

அவள் எடுத்த ரத்தம் ட்யூபுக்குள் உறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை. ஊதா மூடி போட்ட ட்யூபில் ரத்தம் எடுத்ததும் அதை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி நிமிர்த்த வேண்டும். அவசரப்படுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள், உள்ளே கட்டி கட்டிவிடும், நோயாளியைத் திரும்பக் கூப்பிட வேண்டிவரும். ரத்தக்கா புரட்டுவதைப் பார்த்தால் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறாளோ என்று தோன்றும். தன் வேலையைப் பற்றி அவள் பெருமை பேசுவது இந்த ஒரு விஷயத்தில்தான். "என் கையில உறையாது" என்பாள். அதோடு சரி.

அவள் முகத்தில் எப்போதும் மாஸ்க் இருக்கும். கிருமிக்குப் பயந்து என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் கூர்ந்து பார்க்கிறவர்கள் கண்ணை வைத்தே பிடித்துவிடுவார்கள்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே."

"இங்கதான். போன தடவை சர்க்கரை பார்க்க வந்தீங்க."

"இல்லம்மா, வேற எங்கேயோ..." என்று யோசித்துவிட்டு, மறு கையால் போனை எடுத்துத் துழாவுவார் அந்த மனிதர். பிறகு திரையைத் திருப்பிக் காட்டுவார். "இது நீங்கதானே? அழுகாச்சி அக்கா!"

"கையை ஆட்டாதீங்க" என்பாள் ரத்தக்கா.

போனில் இருப்பது அவள் முகம்தான். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டு நிற்கும், உதடு லேசாக நடுங்கும். சம்பளம் தாமதமானால் அந்தப் படத்தை அனுப்புகிறார்கள். மழையால் ஆட்டம் நின்றுபோனால் அனுப்புகிறார்கள். மனைவி ஊருக்குப் போனால் ஒருவகையாகவும் திரும்பி வந்தால் இன்னொருவகையாகவும் எழுதி அனுப்புகிறார்கள். கண்டவர்கள் துக்கத்துக்கெல்லாம் அவள் முகம் வாடகையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

உள்ளதைச் சொன்னால், அது கண்ணீரே இல்லை.

ஒரு வீட்டுக்குள் கொஞ்சம் பேரைப் பூட்டிவைத்து, அவர்கள் அடித்துக்கொள்வதையும் சேர்ந்துகொள்வதையும் சுற்றிலும் கேமரா வைத்துப் பிடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. வார இறுதியில் பார்வையாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். ரத்தக்காவின் அக்காவுக்கு அந்த நிகழ்ச்சி என்றால் உயிர். யாரையோ பிடித்து இரண்டு பாஸ் வாங்கினாள். துணைக்கு வா என்று தங்கையை இழுத்துக்கொண்டு போனாள். விடியலில் இருந்து ஊசியும் கையுமாக நின்றுவிட்டுப் போன தங்கைக்கு, ஏசிக் குளிரில் குஷன் நாற்காலி கிடைத்ததும் கண் சொக்கியது. மேடையில் ஒரு போட்டியாளன் செத்துப்போன அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் வாயைப் பிளந்தால் மரியாதையாக இருக்காதே என்று ரத்தக்கா பல்லைக் கடித்துக் கொட்டாவியை அடக்கினாள். அடக்கிய கொட்டாவி கண் வழியே வந்தது. அந்தச் சொட்டைக் கேமரா பிடித்துக்கொண்டது. பக்கத்தில் மூக்கைச் சிந்திச் சிந்தி உண்மையிலேயே அழுத அக்காவை அது திரும்பியும் பார்க்கவில்லை.

"கண்ணுல மை போட்டுக்கிட்டுப் போய் ஒரு மணி நேரம் அழுதேன். மை கரைஞ்சதுதான் மிச்சம். தூங்கி வழிஞ்சவளைப் போய் டிவியில காட்டுறான்" என்று அக்காவான பெரியவள் இன்றைக்கும் ஆறாமல் சொல்வாள்.

ஒளிபரப்பில் அந்தச் சொட்டுக்குப் பின்னால் வயலின் வாசித்தார்கள். அந்தப் போட்டியாளன் பிறகு பெரிய ஆளாகி, இப்போது கடை கடையாக ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்கிறான். ரத்தக்காவுக்கு அவன் மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. அவனுடைய புகழின் கணக்குத்தான் அவளுக்குப் பிடிபடுவதில்லை. "என்ன செஞ்சான்னு கேளு. ஒண்ணும் செய்யல. வீட்டுக்குள்ள இருந்தான். நானும்தான் வீட்டுக்குள்ள இருக்கேன், பாத்திரமும் கழுவுறேன்" என்பாள். தட்டைத் தூக்கி எறிந்ததற்காகப் பெயர் வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், "எங்க வீட்டுல எறிஞ்சா எடுத்துவைக்கச் சொல்லுவாங்க" என்பாள். குரலில் காரம் இருக்காது. ஓயாமல் சொட்டுகிற குழாயைப் பற்றிப் பேசுகிற அலுப்புத்தான் இருக்கும்.

மேனேஜர் சும்மா இருப்பாரா? லேப் வாசலுக்கு ஒரு விளம்பரப் பலகை எழுதிவைக்கத் திட்டம் போட்டார். ரத்தக்காவின் கண்ணீர்ப் படம், கீழே "எங்கள் ஊசி உங்களை அழவைக்காது." வாசகத்தை அவரே யோசித்ததாகச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"அழவைக்கும் சார். ஊசின்னா வலிக்கும்" என்றாள் அவள்.

"விளம்பரத்துல உண்மையையா எழுதுவாங்க?"

"அப்ப வேற மூஞ்சியைப் போட்டுக்கோங்க."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அவள் மாமனார் காலமான வீட்டில், அவரைக் கிடத்தியிருந்த அறையில், அவள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தன் மகளைப் போலவே அவளை வைத்திருந்த மனிதர் அவர். திடீரென்று ஓர் உறவுக்காரக் குழந்தை, "டிவியில வந்த மாதிரியே அழுவுறாங்க" என்றது. இரண்டு பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள். ஒருவன் போனை மேலே தூக்கினான். ரத்தக்கா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எவர் முன்னாலும் அவள் அழுதது கிடையாது. முகத்தைத் திருடிக்கொண்டு போனார்கள் என்றால்கூடச் சகித்துக்கொள்ளலாம், அழுகையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்களே என்பது அவள் ஆற்றாமை. அன்றைக்கு மாட்டிய மாஸ்க்கை ஒரே ஓர் ஆளுக்குத்தான் இறக்குவாள்.

அந்த ஆள் பெரியவள். கொஞ்ச மாதங்களாகவே பெரியவளுக்கு அசதி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இடித்துக்கொள்ளாமலே கையில் நீலம் பூக்கிறது. மாதாமாதம் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வேறு யாரிடமும் கையை நீட்டமாட்டாள். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், தங்கை மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவாள். பெரியவள் அந்த வாரத்து நிகழ்ச்சியை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள். யார் யாரோடு பேசவில்லை, யார் யாருக்குச் சோற்றை மறைத்துவைத்தார்கள் என்று கதை நீளும். தங்கை ஒவ்வொன்றுக்கும் திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்கத்தான் பெரியவள் கதையையே சொல்கிறாளோ என்று டெக்னீசியனுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

அந்தக் கண்ணீர் பொய் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவளும் பெரியவள்தான். ஒளிபரப்பான அன்று வீடு முழுக்கக் கைதட்ட, அவள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "ஏண்டி, இது அழுகை இல்லையே. உனக்கு மூக்கு நுனி செவக்கலையே" என்றாள். நிஜமாக அழுகை வந்தால், கண் கலங்குவதற்கு முன்பே ரத்தக்காவின் மூக்கு நுனி மிளகாய்ப் பழமாகிவிடும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வாயைத் திறக்காமல் வந்தாலும், வாசலிலேயே அக்கா அந்த மூக்கைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொள்வாள். ஊரெல்லாம் பார்த்த முகத்தில் அந்த நுனியைப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

போன வாரம் பெரியவள் வழக்கம்போல வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். மதியம் டெக்னீசியன் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். ஏதாவது வேண்டுமென்றால் இன்டர்காமில் கூப்பிடுகிறவர் அவர். எழுந்து வருகிற பழக்கம் இல்லை.

"ரத்தக்கா, உங்க அக்காவோட சாம்பிள் இன்னொண்ணு வேணும்."

"உறைஞ்சுடுச்சா?"

"இல்ல. மறுபடியும் போட்டுப் பார்த்தேன். டாக்டரும் வந்து பார்த்தாரு. இன்னொண்ணு எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்பச் சொல்றாரு."

"உனக்கு என்ன தோணுது?"

"என்னைக் கேட்காதீங்கக்கா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. இத்தனை காலம் அந்த வேலையில் இருப்பவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, சாம்பிள் உறைஞ்சுபோச்சு. இன்னொரு தடவை வரணும்."

"உன் கையிலயா?"

"என் கையிலதான்."

"சரி. வரேன்."

பெரியவள் வந்தபோது வரவேற்பறையில் கூட்டம் இருந்தது. சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சியின் அடுத்த சுற்று தொடங்கப்போகிறதாம், அதற்கான முன்னோட்டம். பழைய சுற்றுகளின் உணர்ச்சிகரமான தருணங்கள் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தவர்கள், கடைசியில் அந்த முகத்தைத் திரை நிறையக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு சொட்டு, வயலின், உதட்டு நடுக்கம். காத்திருந்தவர்களில் ஒருவர், "அந்தம்மா இங்கதான் வேலை பாக்குது தெரியுமா?" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். எல்லாத் தலைகளும் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பின. கதவுக்கு அந்தப் பக்கம் ரத்தக்கா ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டால் தேவலை என்று இருந்தது. அழுதால் அது நடிப்பாகிவிடும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

பெரியவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். மாஸ்க் இறங்குவதற்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். அது இறங்கவில்லை.

"புதுசா ஆரம்பிக்கப்போறானாம். பார்த்தியா?" என்றாள் பெரியவள்.

"ம்."

"திட்டலையே."

ரத்தக்கா பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தேடினாள். கண்ணை மூடிக்கொண்டே எடுக்கக்கூடிய நரம்பு, அன்றைக்கு விரலுக்குச் சிக்க நேரமாயிற்று. பஞ்சால் துடைத்தாள். பிறகு யாரும் கேட்காமலே, தணிந்த குரலில், "எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா இருக்கும்" என்றாள்.

பெரியவள் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தாள். குனிந்து நின்றதில் மாஸ்க் கொஞ்சம் நழுவியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சிலர் இன்னமும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் பட்டை கட்டாத கையை மெல்ல நீட்டி, இரண்டு விரலால் தங்கையின் மாஸ்க்கை மேலே இழுத்து, மூக்கு நுனியை மூடிவிட்டாள்.