பனிநரியின் புகார்

என் தங்கை வென்லா போராடி மீட்டவை இவை: ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத் தூக்கம். பாதியில் விட்ட செவிலியர் படிப்பு. கைபேசியைத் தொடாமல் ஒரு கிண்ணம் மீன் சூப்பைக் குடித்து முடிக்கும் பொறுமை. குழாய்த் தண்ணீரில் கைபேசி விளையாட்டின் மணியோசை கேட்காத காதுகள். ஐந்து வருடம் ஆகலாம் என்றார் மருத்துவர். அவளுக்குப் பத்தொன்பது மாதம் போதுமாக இருந்தது. நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் மூன்று வருடம், பின்லாந்தின் தாம்பேரே நகரில் எங்கள் வீட்டு அறைக்குள், 'பனிநரி' என்ற விளையாட்டுப் பெயரில் வாழ்ந்தாள். விட்டுவிட முயன்றபோதெல்லாம் விளையாட்டு நிறுவனத்திலிருந்து மின்னா என்பவள் எழுதுவாள்: "நீ இல்லாம உன் குழுவே தவிக்குது, கண்ணு." கூடவே ஒரு பரிசுப் பெட்டி. அப்படி நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள். அச்செடுத்துத் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கினேன். பனிநரி என்ற பெயரில் நாங்கள் அனுப்பிய புகாரை நுகர்வோர் அலுவலகம் திருப்பியது. சொந்தப் பெயர் வேண்டுமாம். ஊருக்குத் தெரிந்தால் எந்த மருத்துவமனை இவளை வேலைக்கு எடுக்கும் என்று அம்மா தடுத்தாள். வென்லாவும் தயங்கினாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் இருவரும் பொது நீராவிக் குளியலான சௌனாவுக்குப் போனோம். நீராவிக்குள், மேல் படியில் ஒருத்தி தன் தோழியிடம் வேலைக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கெட்டவர்கள்தான் நல்ல வாடிக்கையாளர்களாம். மூன்று நாள் காணாமல் போனால் ஒரு பெட்டியும் ஒரு 'கண்ணு'வும் போதுமாம். தோழி அவளை மின்னா என்று அழைத்தாள். சௌனாவில் பேசியது வெளியே போகாது என்பது எங்கள் வழக்கம். அந்தத் தைரியம் அவளுக்கு.

வென்லா கரண்டியில் தண்ணீர் மொண்டு சூடான கற்கள்மேல் ஊற்றினாள். மறுபடியும் ஊற்றினாள். நீராவி சீறி எழ, மேல் படியில் சூடு ஏறியது. தோழி எழுந்து போய்விட்டாள். எங்களுக்கு முன்னால் இறங்குவது அவமானம் என்று மின்னா பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள்.

"பனிநரிய ஞாபகம் இருக்கா, கண்ணு?" என்றாள் வென்லா.

சிவந்திருந்த முகம் வெளுத்தது. "சௌனாப் பேச்சு சௌனாவோட போகணும்மா."

"போகட்டும். நீ இங்க சொன்னதுல ஒரு வார்த்த வெளிய வராது. நீ எழுதினதே போதும். எங்க அக்கா தேதி போட்டு அடுக்கி வெச்சிருக்கா."

இன்னொரு கரண்டி ஊற்றினாள். மின்னா படியிறங்கி ஓடினாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதற்கு நான் வெட்கப்படவில்லை.

மின்னா போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பேசித் தீர்க்கலாம், உங்கள் பெயர் வெளிவராது என்று நிறுவனம் எழுதியது. என் பெயர் வரட்டும், மின்னாவின் பெயரும் கூடவே வரட்டும் என்றாள் வென்லா. புதிய புகார்ப் படிவத்தின் அடியில் முதல்முறையாக 'வென்லா ஹாக்கலா' என்று கையெழுத்திட்டாள்: 2022 நவம்பர் 14.