ஏழாவது சோற்றின் உப்பு

செந்தாமரை அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. திருத்துறைப்பூண்டியைச் சுற்றிப் பத்து ஊர்களில் வளைகாப்பு என்றால் சமையலுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு வேண்டும். அதில் அவர் கைப்பக்குவம் யாருக்கும் வராது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பதினோரு வருடமாக அவருக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறேன்.

போன கார்த்திகையில் அக்காவின் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, அடுப்பருகே நிற்க முடியவில்லை. மறுபடி நிற்க வேண்டும் என்றுதான் தஞ்சாவூரில் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார். இனி ஒரு கோழிமுட்டை கொள்ளும் அளவுதான் வயிறு என்றார்கள். முதலில் வடிகட்டிய ஆகாரம், பிறகு மசித்த பருப்பு, முட்டை. ஆறு வாரம் முடியும்வரை சோறும் இனிப்பும் கூடவே கூடாது.

மருந்து மூடியால் அளந்து நான்தான் கொடுத்தேன். ஒரு மூடியைக் குடிக்கக் கால் மணி நேரம் ஆகும்.

"ஏண்டி, இது எனக்கா, எறும்புக்கா?" என்று சிரிப்பார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஐந்தாம் வாரம் சிங்காரவேலு வந்தார். சமையல் வேலை பிடித்துத் தருபவர்.

"வர்ற வெள்ளிக்கிழமை நூத்தம்பது பேருக்கு வளைகாப்புங்க. உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, சீர்காழியிலேருந்து ஒரு மாஸ்டர் வர்றேங்கிறாரு."

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? இவ கிளறட்டும். நான் நாற்காலி போட்டு உக்காந்து சொல்றேன்."

அவர் போனதும், "அக்கா, சோறு..." என்று ஆரம்பித்தேன்.

"திங்கவா போறேன்? ருசிதானடி பாக்கப் போறேன்."

நான் காய் நறுக்கும் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தேன்.

வளைகாப்பு வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டினோம். அக்கா எப்போதும் செய்வதுபோல் சோற்றை இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து வாயில் போட்டார். புளிச்சோற்றுக்கு உப்பு போதவில்லை. போட்டுக் கிளறி மறுபடி பார்த்தார். எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள்ளு, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்து. சர்க்கரைப் பொங்கலை மூன்று தடவை எடுத்தார். மூன்றாவது ருசி பார்க்க எடுத்தது அல்ல என்பது அவர் கண்ணை மூடியதிலேயே தெரிந்தது. அப்போதாவது கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் குப்பென்று வியர்த்தது. "படபடன்னு வருதுடி" என்றவர் வாழை மரத்தடியில் குனிந்தார். வாந்தி நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "என்ன சாப்பிட்டாங்க?" என்று நர்ஸ் கேட்டது அக்காவுக்கும் கேட்டது.

"ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்லு."

"பதிமூணு வாய் சோறுங்க" என்றேன். "அதுல மூணு வாய் இனிப்பு."

தையல் என்ன ஆனதோ பார்க்க வேண்டும், உடனே அழைத்து வாருங்கள் என்றார் நர்ஸ். சிங்காரவேலு கார் எடுத்துவர ஓடினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கண்ணோரம் ஈரம். உள்ளே வளையல் போடும் சத்தம் கேட்டது.

"தயிர்ச்சோறு ஒண்ணு பாக்காம கெடக்கு. நீ பாரு."

"எனக்கு உப்பு பாக்கத் தெரியாதுக்கா."

"பதிமூணு எண்ணத் தெரிஞ்சுதுல்ல? பாருடி."

அவரைப்போலவே உள்ளங்கையில் வைத்துப் போட்டுக்கொண்டேன்.

"கம்மியா இருக்குக்கா."

"ரெண்டு கை போட்டுப் பெசறு."

பிசறிவிட்டு மறுபடி ஒரு சிட்டிகை எடுத்தேன். நான் மெல்லுவதையும், அது என் தொண்டையில் இறங்குவதையும் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் கார் வந்து நின்றது.

"முழுங்கிட்டியா?"

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் உப்பைக் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அவரைத் தூக்கிவிடக் குனிந்தேன்.