நான் கழுவிய கற்கள்

1963 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருபது நிமிஷம். திண்டிவனத்தில் தூறல். வடகிழக்கே இன்னும் கறுத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு காலேஜ் லெக்சரர், நனைந்த ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் மேல் பரப்பியிருந்த அறுபத்தோரு கற்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நான் வரவழைத்தவர் அவர். திருவக்கரை கல்மரங்களைக் காட்ட மெட்ராஸிலிருந்து மாணவர்களை அழைத்து வருகிறார் என்று கேள்விப்பட்டு ஒரு கார்டு போட்டிருந்தேன். 'எங்களிடம் 61 கற்கள் உள்ளன. ஒன்றில் பூச்சி போல ஓர் உருவம். பார்த்துச் சொல்ல முடியுமா?' வழியில் இறங்குகிறேன் என்று பதில் வந்தது. மாணவர்களின் பஸ் தெருமுனையில் நின்றது. அரை மணி நேரம்தான் என்றார்.

கற்கள் அண்ணனுடையவை. வடக்கே மலைகளில் நிலம் ஆராய்கிறவர்களின் கூடாரங்களில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் பார்த்தவர். அதிகாரிகள் தேவையில்லை என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். ரிட்டயராகி ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். என்றைக்காவது ஒரு காலேஜுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பார். அந்த வருஷம் சித்திரையில் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கையும் கண்ணும் மிச்சம்.

அன்றைக்கும் அவர் அதே கூடத்தில் கட்டிலில் சாய்ந்துகொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெக்சரர் ஒவ்வொரு கல்லாகத் தள்ளிக்கொண்டே வந்து அந்தப் பூச்சிக் கல்லில் நின்றார். உள்ளங்கை அளவு, கறுப்பு. பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தார். கல்லை வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ட்ரைலோபைட் சார் இது. நடுவுல ஒரு மேடு, ரெண்டு பக்கமும் ரெண்டு பகுதி... மூணு பாத்தி பிரிச்ச மாதிரி இருக்கு பாருங்க. கடல்ல ஊர்ந்தது. ஐம்பது கோடி வருஷம் இருக்கும்."

அண்ணி காபியோடு வந்தார். குனிந்து பார்த்தார்.

"இந்த மூட்டப்பூச்சிய பாக்கவா மெட்ராஸ்லேந்து வந்தீங்க?"

"மூட்டைப்பூச்சிக்குக் கொள்ளுத்தாத்தாம்மா இது" என்று சிரித்தார். என்னிடம், "நடு உடம்புல எத்தனை கணு? எண்ணுங்க சார்" என்றார்.

எண்ணுவதா? என்னிடமா? "பதினாலு. பத்துத் தடவை எண்ணியாச்சு."

ஒரு குண்டூசி முனையால் அவரும் எண்ணினார். பதினான்கு. "மத்தவங்க தலையும் வாலும் சேத்து எண்ணிடுவாங்க. நீங்க சரியா எண்ணியிருக்கீங்க. எது எந்த வகைன்னு சொல்றதுக்கே இந்த எண்ணிக்கை வேணும்."

எனக்கு அரை நிமிஷம் பெருமை. வாசகர்களே, நான் முப்பத்தொரு வருஷம் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணியவன். ரிட்டயரான பிறகு படியை எண்ணுகிறேன், ஜன்னல் கம்பியை எண்ணுகிறேன். முதன்முதலாக ஒரு படித்த மனிதர் அதற்காக என்னைப் பாராட்டினார்.

அடுத்த கேள்வி வந்தது.

"எங்கே எடுத்தது? இந்தப் பக்கத்துப் பாறையில இது கிடையாது. பாண்டிச்சேரி கிட்ட சிப்பி, நத்தை கிடைக்கும். இது வராது. கல்லு மேல நம்பர் போட்டிருப்பாங்களே... ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட், அதுக்கு மேல மசியில?"

போட்டிருந்தது. அறுபத்தொன்றிலும் போட்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெட்டியை நான்தான் திறந்தேன். அண்ணன் தொழில் செய்த பொருள், பூஜையில் வைக்க வேண்டாமா? திறந்தால் தூசி, சிலந்தி. அதைவிட அந்த நம்பர்கள்! ஒன்றில் 3. அடுத்ததில் 112. இன்னொன்றில் 8, பக்கத்திலேயே 8-ஏ. இருப்பது அறுபத்தொன்று, ஒரு கல்லில் 214. ஐந்து என்று ஒன்றே கிடையாது. என்னால் தாங்க முடியுமா? வெந்நீரில் சலவை சோடா போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, போகாத பொட்டைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தி, 1 முதல் 61 வரை புது லேபிள் ஒட்டினேன். பளபளவென்று இருந்தன. அப்போதுதான் பூச்சி தெரிந்தது. அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "பாத்தீங்களா அண்ணி, எவ்வளவு சந்தோஷம்" என்றேன்.

இதையெல்லாம் லெக்சரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கல்லைத் திருப்பி, நான் ஒட்டிய '17'ஐப் பார்த்தார்.

"இடம் தெரியலேன்னா இது அழகான கல்லு சார். அவ்வளவுதான். மியூசியத்துல எடுக்க மாட்டாங்க."

அவர் விளக்க வேண்டியதே இல்லை. மார்க் அழிந்த மூட்டை எங்கிருந்து வந்தது, யாருக்குப் போக வேண்டியது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஷெட்டில் அதற்கென்று தனி ரிஜிஸ்டரே உண்டு. மார்க்கை அழியவிட்ட போர்ட்டர்களை நான் என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன்...

அண்ணி காபி தம்ளரை எடுக்காமல் நின்றார்.

"அன்னிக்கே தலைய ஆட்டுனாரு தம்பி. வேணாம் வேணாம்னு ஆட்டிக்கினே இருந்தாரு. நீங்க குனிஞ்ச தல நிமிராம எண்ணிக்கினு இருந்தீங்க."

"ஏன் அண்ணி சொல்லலே?"

"எனுக்கு இன்னா தெரியும்? காலு வலிக்குதாக்கும்னு தைலம் தேச்சிக்கினு இருந்தேன்."

கட்டிலைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நோட்டு ஏதாவது உண்டா என்று லெக்சரர் கேட்டார். அண்ணி உள்ளே போய் ஒரு நீல அட்டை நோட்டைக் கொண்டுவந்தார். பெட்டியின் அடியில் கிடந்ததை எப்போதோ கணக்கு எழுத எடுத்துவைத்தாராம். கடைசிப் பக்கங்களில் வண்ணான் கணக்கு. முன்பக்கங்களில் அண்ணன் கையெழுத்து. ஒன்று முதல் இருநூற்றுப் பதினான்கு வரை நம்பர், இடம், மாசம். ஆபீஸுக்குப் போனவை போக மிச்சம்தான் இந்த அறுபத்தொன்று. குழப்பம் எதுவுமே இல்லை. என் வரிசையைவிட ஒழுங்கான வரிசை அது.

நம் வீட்டில் அடுத்தவர் வைத்த ஒழுங்கு நமக்கு எப்போதும் குப்பையாகத்தான் தெரிகிறது, இல்லையா?

'சிப்பிக் கல்' என்று மட்டும் நாற்பது இடங்களில் எழுதியிருந்தது. "கல்லைப் பாத்து ஜாதி சொல்லலாம். ஊரு சொல்ல முடியாது" என்றார் லெக்சரர். விரலால் தடவிக்கொண்டே போனவர் இரண்டு இடங்களில் நின்றார். 38, காஷ்மீர். 109, ஸ்பிட்டி, ஆற்றங்கரை, மூன்றாம் கூடாரம். இரண்டிலும் அண்ணன் எழுதியிருந்தது: 'மூணு மடிப்புப் பூச்சி.'

"யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா இவருக்கு?"

"நாலாவது ஃபாரம் வரைதான் படிச்சார்."

லெக்சரர் எழுந்து கட்டில் பக்கத்தில் போய் நின்றார். "ஐயா, சரியாப் பேர் வச்சிருக்கீங்க. ட்ரைலோபைட்னாலும் மூணு மடிப்புன்னுதான் அர்த்தம்" என்றார்.

கல்லை அண்ணனின் இடது கையில் வைத்தேன். "முப்பத்தெட்டாண்ணா? காஷ்மீரா?" 'இல்லை' என்று தலை அசைந்தது. "நூத்தி ஒம்பதா? ஸ்பிட்டியா?" விரல்கள் கல்லோடு சேர்த்து என் கையையும் இறுக்கின. நான் விடுவேனா? மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்று தடவையும் நூற்றி ஒன்பதுக்குத்தான் இறுக்கினார்.

"தெரியாம பண்ணிட்டேண்ணா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். இறுக்கிய கையை எடுக்கவில்லை.

"எல்லாத்துக்கும் இப்படியே கேட்டுடுங்க சார், ஜல்தியா" என்று சொல்லிவிட்டு லெக்சரர் பஸ்ஸுக்கு ஓடினார்.

அண்ணன் களைத்துத் தூங்கிவிட்டார். எழுந்த பிறகு இன்னும் நாலு கல்லாவது கேட்டிருக்கலாம். எனக்குத்தான் ஒரு கணக்கு உதித்துவிட்டதே! மிச்சம் அறுபது கல். ஞாயிறுக்கு நாலு. பதினைந்து ஞாயிறு. மார்ச் முதல் தேதி முடிந்துவிடும். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே விழுப்புரம் பாசஞ்சரைப் பிடிக்கப் போனேன். ஒழுங்காகச் செய்ய வேண்டும் அல்லவா?

24ஆம் தேதி போனபோது அண்ணி வாசலிலேயே சொல்லிவிட்டார். "இன்னிக்கு வேணாம் தம்பி. ராவெல்லாம் ஜொரம்." ஒன்றே ஒன்று என்று கெஞ்சி, ஒரு சிப்பிக் கல்லை அண்ணன் கையில் வைத்தேன். விரல் மூடவில்லை. கல் உருண்டு போர்வையில் விழுந்தது. அடுத்த வாரம் எட்டாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

டிசம்பர் 1. வண்டி மயிலத்தில் பதினைந்து நிமிஷம் நின்றுவிட்டது. நான் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். வாசலில் செருப்புகள். எண்ணினேன்... இருபத்து மூன்று ஜோடி. எண்ணி முடித்த பிறகுதான் எதற்கு இத்தனை செருப்பு என்று புரிந்தது.

காரியம் முடிந்ததும் அண்ணி, "அந்த மூட்டப்பூச்சிய அந்த மெட்ராஸ்காரருகிட்டயே அனுப்பிடுங்க தம்பி. இவரு பேரு போடுவாங்களா?" என்று கேட்டார். கல்லைப் பஞ்சில் சுற்றினேன். என் '17'ஐப் பிய்த்தேன். சீட்டில் அண்ணன் எழுதியதை எழுதியபடியே எழுதி, கீழே எடுத்தவர் என்று அவர் பெயரைப் போட்டேன். பொங்கல் கழித்துப் பதில் வந்தது. காலேஜில் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்களாம், பெயரோடு.

மற்ற அறுபதும் பெட்டியில் இருக்கின்றன. நோட்டும் அதே பெட்டியில்தான். இரண்டையும் சேர்த்து வைக்க இனி ஆள் இல்லை.

அண்ணன் இருந்தபோதே ரயில்வே பார்சல் ஆபீஸில் விசாரித்து, பெட்டியோடு அறுபத்தொன்றையும் மெட்ராஸுக்கு அனுப்ப என்ன ஆகும் என்று கேட்டு, அந்தப் பணத்தைத் தனியாக எடுத்தும் வைத்திருந்தேன். அதில் செலவானது, ஒரு கல்லுக்கு, ரிஜிஸ்டர் தபால்: ஒரு ரூபாய் முப்பத்தைந்து நயா பைசா.