பதினெட்டாம் நம்பர் கொட்டகை

போன செவ்வாய்க்கிழமை காலை, சைகோன் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில் பால்காரர் மாரிமுத்துவின் நான்கு மாடுகளையும் கால்நடை ஆபீஸ் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மாரிமுத்துவை சைகோன் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். காரைக்கால் பக்கத்துக்காரர். துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மாடு வைத்திருக்கிறார். மனைவி லான், இந்த ஊர் அன்னாமியப் பெண். பதினோரு வருஷக் குடித்தனம். காரைக்கால் தமிழை நம்மில் பலரைவிடச் சுத்தமாகப் பேசுவார்.

ஆட்கள் வந்தபோது மாரிமுத்து பதறவே இல்லை. கொட்டகைத் தூணில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, சர்க்கார் லைசென்ஸ் இருக்கிறது, பாருங்கள் என்றாராம். வந்தவர்களில் ஒருவன் அதைப் படித்தான். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மாடுகளை அவிழ்த்தார்கள்.

ஏனென்றால், அந்தக் காகிதம்தான் மாடுகளைப் பிடிப்பதற்கான உத்தரவு.

வட்டாரத்தில் மாட்டு நோய் பரவுகிறது. இந்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் மாடுகளை டாக்டரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாத மாடுகள் கைப்பற்றப்பட்டு அழிக்கப்படும். இவ்வளவுதான் நோட்டீஸ். தெளிவான, அழகான பிரெஞ்சு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பியூன் வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். போன வருஷம் கொடுத்த லைசென்ஸில் இருந்த அதே வட்ட முத்திரை. மாரிமுத்து வேறு என்ன நினைப்பார்? மழையில் நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு தகரத்தை வளைத்து அடித்து வைத்தார்.

வீட்டில் பிரெஞ்சு எழுத்து படிக்கத் தெரிந்தவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். லான் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அன்னாமியப் பாஷை படித்தவர். அந்தப் பாஷையை இப்போது பிரெஞ்சு எழுத்துகளை வைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆகவே அந்த அம்மாள் தூணுக்கு முன்னால் நின்று நோட்டீஸ் முழுவதையும் புருஷனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்து. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. புரிந்தது பதினெட்டு என்ற எண் மட்டும்.

நம் கொட்டகைக்கு நம்பர் கொடுத்துவிட்டார்கள் என்று மாரிமுத்து முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து பால் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு.

"இனிமே அட்ரஸ் கேட்டா பதினெட்டாம் நம்பர் கொட்டகைன்னு சொல்லுங்கண்ணே. சர்க்காருல பதிஞ்சாச்சு."

என்னிடமும் சொன்னார். நான் தலையாட்டினேன். காகிதம் பத்தடி தூரத்தில் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியும். நான் பத்திரிகைக்காரன்; அடுத்தவன் நோட்டீஸைப் படிப்பதுதான் என் பிழைப்பே. ஆனாலும் அந்தப் பத்தடி நடக்கவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

சரி, நான் சோம்பேறி. முசியே பெர்னார்?

முசியே பெர்னாரும் தினம் அங்கேதான் பால் வாங்குகிறார். புதுச்சேரியில் பிறந்தவர். அவருடைய அப்பா ஜாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டு, பிரஜா உரிமை வாங்கினவர். கொட்டகை வாசலில் பெர்னார் பேசுவதெல்லாம் தமிழ்தான். நுரை அடங்கட்டும், அப்புறம் அள என்று ஒரு நாளும் சொல்லாமல் விட்டதில்லை. கால்நடை ஆபீஸில் கிளார்க்.

அந்த நோட்டீஸை எழுதியதே அவர் கைதான்.

மாடுகள் போன அன்று மாரிமுத்துவையும் லானையும் அழைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் பெர்னார். மாரிமுத்து கும்பிட்டார். பெர்னார் அவரைப் பார்க்காமல், என்ன வேண்டும் என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். பதில் பிரெஞ்சில் வந்தது. மறுபடி தமிழில் கேட்டேன். மறுபடி பிரெஞ்சு. பதினைந்து நிமிஷம் இப்படியே நடந்தது. பக்கத்தில் நின்ற மாரிமுத்துவுக்கு, தன் மாடுகளைப் பற்றிய பேச்சில் பாதிதான் புரிந்தது.

கடைசியில் மனு எழுதித் தரச் சொன்னார். அங்கேயே பிரெஞ்சில் எழுதினேன். மாரிமுத்து கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. பெர்னார் மனுவைத் திருப்பித் தள்ளினார். இந்த எழுத்து இங்கே செல்லாதாம். கைநாட்டு வைத்து, பிரெஞ்சில் கையெழுத்துப் போடத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட்டுக் கொண்டுவர வேண்டுமாம்.

யோசித்துப் பாருங்கள். எழுதத் தெரிந்த ஒரு மனிதனை, எழுதத் தெரியாதவன் என்று சொல்லி விரலில் மை தடவச் சொல்கிறது ஒரு சட்டம். அதற்குப் பெயர் ஒழுங்கு.

சாட்சி பிடிக்க நான் வெளியே வந்தேன். பின்னாலேயே பெர்னார் வந்தார். வராந்தாவில் கால் வைத்ததும் அவருக்குத் தமிழ் திரும்பி வந்துவிட்டது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சர்க்கார் பாஷைன்னு ஒண்ணு இருக்கே. ஆளுக்கொரு பாஷையில நோட்டீஸ் போட்டா நாடு உருப்படுமா?"

"தினம் காலையில அங்கதானே நிக்கிறீங்க. பதினெட்டாம் நம்பர்னு அவர் சொல்றப்போ காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்போ வாயத் தொறந்து ஒரு வார்த்தை?"

"ஆபீஸ் விஷயத்தை நான் வெளிய பேசுறதில்ல" என்றார்.

இரண்டாவது சாட்சி கிடைக்க வியாழக்கிழமை ஆகிவிட்டது. மனுவை வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் பார்த்தார். இரண்டு மாடுகளுக்கு நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மற்ற இரண்டையும் புதன்கிழமையே கொன்றுவிட்டார்கள். அவற்றுக்கு நோய் இருந்ததா? கேட்டேன். காட்டாத மாடுகள் என்ற கணக்கில் கொன்றதால் பரிசோதிக்கவில்லை என்றார்கள். இதையும் நல்ல பிரெஞ்சில்தான் சொன்னார்கள்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை நம் தமிழர் சங்கத்தில் என்ன விவாதம் நடந்தது தெரியுமா? இந்த நாட்டுக்கு ஒரே ஆட்சிமொழி தேவையா என்று. இரண்டு மணி நேரம். ஒரு நாடு, ஒரு மொழி என்று முசியே பெர்னார் உரக்கப் பேசினார். கைதட்டினார்கள். மாரிமுத்து கூட்டத்துக்கு வரவில்லை. அவருக்கு அழைப்பு போகவில்லை. இந்த மண்ணில் பிறந்த ஒரு அன்னாமியர்கூட அங்கே இல்லை. அவர்கள் நாட்டுக்கு எந்த மொழி வேண்டும் என்பதைப் பாதிப் புதுச்சேரியும் பாதிக் காரைக்காலும் சேர்ந்து தீர்மானித்துக்கொண்டிருந்தோம்...

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து பேசினேன். தமிழிலும் நோட்டீஸ் போட வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த நோட்டீஸின் கீழே நான்கே வரி இந்த ஊர்ப் பாஷையில் இருந்திருந்தால் போதும், லான் படித்திருப்பார், நான்கு மாடுகளும் பதினேழாம் தேதியே டாக்டர் வாசலில் நின்றிருக்கும் என்றேன். அப்படியானால் நாளைக்கு அன்னாமியப் பாஷையே ஆட்சிமொழியாகட்டும் என்கிறீரா என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். ஆகட்டுமே. அவர்கள் ஊர். ஆனால் அன்றைக்கு அவர்களும் தங்கள் பாஷையில் மட்டும் எழுதி, பக்கத்துத் தெருச் சீனன் கொட்டகையில் ஒட்டிவிட்டு, தேதி தாண்டியதும் கயிற்றோடு வந்தால்? அவர்களையும் இதே வாயால்தான் திட்டுவேன்.

எந்த மொழியை வேண்டுமானாலும் சிம்மாசனத்தில் உட்கார வையுங்கள். ஆனால் ஒருவன் வீட்டு மாட்டை அவிழ்க்கப் போகிறேன் என்றால், அதை அந்த வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டு அவிழ்க்க வேண்டும். புரியாத பாஷையில் முன்கூட்டியே சொல்லிவிட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்?

தீர்மானம் ஒரே மொழிக்கு ஆதரவாக நிறைவேறியது.

நேற்று கொட்டகைக்குப் போனேன். மாரிமுத்து மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். லான்தான் பேசினார்.

"அண்ணே, இத உங்க பத்திரிகையில எழுதுவீங்களா?"

எழுதத்தான் போகிறேன் என்றேன்.

"எந்தப் பாஷையில?"

"தமிழ்லதாம்மா."

அவர் என்னைப் பார்த்தார். "அப்போ அந்த ஆபீஸ்ல யாரும் படிக்கமாட்டாங்க. என்னாலயும் படிக்க முடியாது."

எழுதிவிட்டேன். மாரிமுத்து எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கான் ஹொய் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்த அம்மாளுக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள்.